குளுக்கோஸே இல்லை, ஆனாலும் மின்னோட்டம் வருகிறது. மேக்ஸீன் சென்சாரில் என்ன கோளாறு?

சோதனைக்குழாய்:
வெளி மின்சாரம் இல்லாமல் தானே இயங்கும் குளுக்கோஸ் சென்சாரோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறேன். ஆனோடில் குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் என்சைமான குளுக்கோஸ் ஆக்ஸிடேஸும், அதன் எலக்ட்ரானைக் கடத்தும் ஃபெரோசீனும்; கேத்தோடில் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் என்சைமான பிலிருபின் ஆக்ஸிடேஸ். இரண்டுக்கும் அடியில் டைட்டானியம் கார்பைடு மேக்ஸீன் (மின்சாரம் கடத்தும் மெல்லிய தாள்களாலான பொருள்) பூச்சு. குளுக்கோஸ் கூடக் கூட மின்திறன் கூட வேண்டும். முதல் நாள் அழகாகக் கூடியது. நாலாம் நாள் கோடு படுத்துவிட்டது. ஆனால் குளுக்கோஸ் இல்லாத வெறும் பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசல்) வைத்தாலும் கொஞ்சம் மின்னோட்டம் வருகிறது! என்சைம் செத்துவிட்டது என்கிறார் கைடு. செத்த என்சைம் எப்படி கரண்ட் கொடுக்கும்?

கரிமை:
என்சைமை விடுங்க தம்பி. மேக்ஸீன் மட்டும் பூசிய ஆனோடு ஒன்றை அதே கேத்தோடோடு இணைத்து, குளுக்கோஸ் இல்லாத பஃபரில் வையுங்க. அப்போதும் மின்னோட்டம் வந்தால் எரிவது மேக்ஸீன்தான். pH 7இல் அந்தக் கேத்தோடு, சில்வர்-சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்கு (வோல்ட்டேஜ் மாறாத ஒப்பீட்டு எலக்ட்ரோடு) எதிராக ஏறக்குறைய 0.5 வோல்ட்டில் நிற்கும். எரிபொருள் இல்லாத ஆனோடையும் அது மேலே இழுத்துவிடும். அந்த உயரத்தில் டைட்டானியம் கார்பைடு தாங்காது, ஆக்சைடாகும், மீளாது. நீங்கள் சிக்னல் என்று பார்த்ததில் ஒரு பங்கு உங்கள் எலக்ட்ரோடு தன்னையே தின்ற கணக்கு.

இன்னொன்று: மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்க்காதீங்க. ரெஃபரன்ஸ் வைத்து இரண்டு எலக்ட்ரோடையும் தனித்தனியே அளந்தால்தான் எது சரிந்தது என்று தெரியும்.

தாள்கட்டு:
கேத்தோடிலாவது கிராஃபீனுக்கு (ஓரணுத் தடிமன் கார்பன் தாள்) மாறுங்கள். கிராமுக்கு 2630 சதுர மீட்டர் பரப்பு என்பதை மட்டும் நம்ப வேண்டாம், அது ஒற்றைத் தாளுக்கான ஏட்டுக் கணக்கு. காய்ந்ததும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி. இடையில் கார்பன் நானோகுழாய் கலந்தால் என்சைம் நுழைய வழி கிடைக்கும்.

கரிமை:
சரிதான். மேக்ஸீன் கரைசலை எப்படி வைத்திருந்தீங்க, தம்பி?

சோதனைக்குழாய்:
தண்ணீரில், மேசை மேல், ஆறு வாரம். இப்போதுதான் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது சாம்பல் நிறமாகி, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

கரிமை:
அந்த வெள்ளை டைட்டானியம் டைஆக்சைடு. புதிதாகச் செய்து, ஆர்கான் செலுத்தி, குளிரில் வையுங்க. சோடியம் அஸ்கார்பேட்டும் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதிக்கும். ஆனால் கேத்தோடில் மேக்ஸீன் வேண்டாம்.

சோதனைக்குழாய்:
என்சைம் இல்லாத ஆனோடை வைத்துப் பார்த்துவிட்டேன் அக்கா. கரண்ட் வருகிறது. இனி கைடிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.