தீம் பார்க் போன நாளில் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாபநாசத்திலிருந்து:

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க் போகிறவர்கள் டிக்கெட் விலை, தங்கும் இடம், எந்த ரைடுக்கு முதலில் ஓடுவது என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. போன வருஷம் மே மாதம் சிங்கப்பூரில் ஒரு ராத்திரி பட்ட பாட்டை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நாங்கள் ஆறு பேர். நான், வீட்டுக்காரர், பதினொரு வயது மகள், ஐந்து வயது மகன், மாமனார், மாமியார். மாமனார் விவசாயி. வயலிலிருந்து வந்து கை கால் கழுவினால் 7.30 மணிக்குத் தட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நடவு நாளானாலும் அறுப்பு நாளானாலும் அந்த நேரம் தப்பாது.

திருச்சியில் ராத்திரி விமானம் ஏறினால் விடியும்போது சிங்கப்பூர். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இறங்கியதும் எல்லாரும் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொண்டோம். வயிற்றை மாற்ற முடியவில்லை, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் சென்டோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். 12 மணிக்கு, "வாங்க, கூட்டம் வருவதற்குள் சாப்பிட்டுவிடலாம்" என்றேன். ஒருவருக்கும் வேண்டாம். ஊரில் அப்போது காலை 9.30தானே, இட்லி சாப்பிட்டு எழுந்த நேரம். 3 மணிக்குத்தான் பசி வந்தது, வயிறு நிறையச் சாப்பிட்டோம். பூங்கா மூடி 7 மணிக்கு வெளியே வந்தோம். பசிக்கிறதா என்று கேட்டேன், எல்லாரும் இல்லை என்றார்கள். சரி, கடற்கரையில் தண்ணீரிலும் வெளிச்சத்திலும் காட்டும் ராத்திரிக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று முடிவு செய்தோம். 7.40 காட்சிக்கு இடமில்லை. 8.40 காட்சிக்குக் கிடைத்தது.

காட்சி நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே ரயிலுக்கு நின்றது. தீவை விட்டு வெளியே வந்து, ஹார்பர்ஃப்ரண்ட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்குள்ள தமிழர்கள் தேக்கா என்பார்கள். வழி சுலபம், நேரம்தான் போய்விட்டது. நாங்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனபோது 10.15. நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்ப அணைச்சாச்சுக்கா. காலைல வாங்க" என்றார் ஒரு தம்பி. பேச்சு பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. என் தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். "இருங்க, கொஞ்சம் மாவு இருக்கு, பிள்ளைக்கு ரெண்டு தோசை ஊத்தித் தர்றேன்" என்று திரும்ப அடுப்பைப் பற்ற வைத்தார். அந்தத் தம்பி நன்றாக இருக்கவேண்டும்.

நடைபாதையிலேயே உட்கார்ந்து தோசையைப் பிட்டு மகன் வாயில் வைத்தேன். இரண்டு தடவை மென்றான். அப்படியே தூங்கிவிட்டான். கன்னம் உப்பியபடி இருந்தது. தொண்டையில் அடைத்துவிடப் போகிறதே என்று பயந்து விரலை விட்டு அந்தத் துண்டை வெளியே எடுத்தேன். மகள் ஒன்றும் வேண்டாம் என்று அழுதாள். மாமியார் தண்ணீர் மட்டும் குடித்தார். மாமனார் பெட்டிக்கடை வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "ஊர்ல இப்ப ஏழே முக்கால்தாம்மா ஆகுது. எனக்கு இப்பத்தான் பசிக்கவே ஆரம்பிக்குது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பசி நேரம் தவறவில்லை. நாங்கள்தான் கடை திறந்திருக்கும் நேரத்தையும் அவர் பசியையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நைட் சஃபாரி. ராத்திரியில் மட்டும் திறக்கும் மிருகக்காட்சிச் சாலை, 1994லிருந்து நடக்கிறது, 7.15க்குத்தான் உள்ளே விடுவார்கள். இந்தத் தடவை நேரத்தை மாற்றினோம். 12 மணிக்குப் பழமும் மோரும் மட்டும். 5.30 மணிக்குத் தேக்காவில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பாடு. கடையில் பாதி மேஜை காலி. கிளம்பும்போது இட்லி வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியையும் நல்லெண்ணெயையும் தடவி ரூமில் வைத்துவிட்டுப் போனோம். திரும்பியபோது 11 மணி, அதாவது ஊர்க் கணக்கில் 8.30. மாமனார் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். பிள்ளைகள் சஃபாரி வண்டியிலேயே தூங்கிவிட்டார்கள். ஆனால் வயிறு நிறைந்த தூக்கம், பார்க்கும்போதே தெரிந்தது.

மன்னார்குடியிலிருந்து:

எங்களுக்குப் பெங்களூரில் இதே கதை. பிடதிக்குப் பக்கத்தில் இருக்கும் வொண்டர்லா. பூங்கா சாயங்காலமே முடிந்துவிடுகிறது, ஊருக்குள் போய் நல்ல ஓட்டலில் சாப்பிடலாம் என்று நினைத்துக் காரில் ஏறினோம். மைசூர் சாலை நெரிசல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசி இரண்டு மணி நேரம் பிள்ளைகள் தண்ணீர் ரைடுகளில் கிடந்தார்கள். காவிரியில் முங்கிக் குளித்துவிட்டு வரும் பிள்ளைக்கு எப்படிப் பசிக்கும்? அந்தப் பசி. வண்டி ஊர்கிறது, பின் சீட்டில் இரண்டும் அடித்துக்கொள்கிறது. தண்ணீர் ரைடு இருக்கும் இடமென்றால் துணி மாற்றிய கையோடு, வாசலை விட்டு வந்ததும் முதல் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். அந்தச் சாலையில் கடைக்குப் பஞ்சமில்லை.

திருவையாற்றிலிருந்து:

பாபநாசம் அம்மா எழுதியதைப் படித்ததும் எங்கள் பேத்தி முகம்தான் கண்முன் வந்தது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில், டாம்பாவில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் போயிருந்தபோது ஜூன் மாதம் ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டுக்கு மூன்று நாள் அழைத்துப் போனார்கள்.

எங்கள் சிக்கல் வயிற்றுக் கடிகாரம் இல்லை, நாங்கள் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. சிக்கல் சூரியன். ஜூன் மாதத்தில் அங்கே பொழுது சாய 8.20க்கு மேல் ஆகிறது. என் மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விளக்கு வைத்தபிறகுதான் ராத்திரிச் சாப்பாடு பரிமாறுவாள். "பட்டப்பகலா இருக்கு, இப்ப எப்படி ராத்திரிச் சாப்பாடு?" என்பது அவள் கேள்வி. மாப்பிள்ளை 4.30 மணிக்கே சாப்பிடலாம் என்றார். நாங்கள் இருவரும் ஒப்பவில்லை. பெரியவர்கள் சொல்கிறார்களே என்று அவரும் விட்டுவிட்டார். அது எங்கள் தப்பு.

முதல் நாள் மேஜிக் கிங்டம். 1971ல் திறந்த மூத்த பூங்கா அது. வண்டியை நிறுத்திவிட்டு ஏரியைப் படகிலோ மோனோரயிலிலோ தாண்டித்தான் வாசலுக்கே போக முடியும். அதனால் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்பது நடக்காது. 8 மணிக்குச் சாப்பாட்டுக் கவுண்டரைத் தேடினால் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. அதற்கு முன்கூட்டியே தரையில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் வரிசையில், மகள் இடம் பிடிக்க, மாப்பிள்ளை நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். நான் வறுத்த உருளைக்கிழங்கோடு போய்ச் சேர்ந்தபோது முதல் வெடி கிளம்பிவிட்டது. நாலு வயதுப் பேத்தி, அந்த வாணவேடிக்கைக்காகவே ஒரு வருஷம் காத்திருந்தவள், முகத்தை அப்பா தோளில் புதைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாள். ஒரு வெளிச்சத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பசி, தூக்கம், சத்தம் மூன்றும் சேர்ந்துகொண்டது. என் மனைவி அன்று ராத்திரி தூங்கவில்லை.

இரண்டாம் நாள் அவளே சமையலறையில் இறங்கினாள். அந்தப் பூங்காக்களில் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபண்ண வேண்டிய பண்டமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினாள். ஆடிப்பெருக்கன்று காவிரியின் புஷ்யமண்டபத் துறைக்கு எடுத்துப்போகிற அதே கட்டுச்சாதம். தயிர்சாதத்துக்கு ஒரு குறிப்பு: சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சிய பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஆறியபின் ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாயங்காலம் வரை புளிக்காது. காலையிலேயே தயிரைக் கொட்டிப் பிசைந்தால் அந்த வெயிலுக்கு மத்தியானமே புளித்துவிடும்.

அன்று எப்காட், டிஸ்னியின் இன்னொரு பூங்கா. ஃபுளோரிடாவில் கோடையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் அநேகமாகத் தினமும் உண்டு. மின்னல் அடித்தால் வெட்டவெளி ரைடுகளை நிறுத்திவிடுகிறார்கள். 4.30 மணிக்கு மழை கொட்டியது. மாப்பிள்ளை அந்த நேரத்தைச் சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது. ரைடு நிற்கிற நேரத்தில் சாப்பிட்டு முடித்தால் ஒன்றும் நஷ்டமில்லை. ஒரு கூரைக்கடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். குடிக்க ஐஸ் தண்ணீர் கவுண்டரில் கேட்டால் காசில்லாமல் ஒரு குவளை தருகிறார்கள். மழை விட்டபோது எங்கள் சாப்பாடு முடிந்திருந்தது. அன்று ராத்திரி பேத்தி தாத்தா தோளில் உட்கார்ந்து வாணவேடிக்கை முழுவதையும் கைதட்டிப் பார்த்தாள். வண்டியில் ஏறியதும் பாட்டி கொஞ்சம் அசோகா அல்வா ஊட்டினாள், வீடு வரை அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் அனிமல் கிங்டம். மற்ற பூங்காக்களைவிட இது சீக்கிரம் மூடிவிடும். பக்கத்தில் அவர்களுடைய விடுதியில் சனா என்று ஓர் உணவகம், நம் ஊர் ரொட்டி வகைகளோடு பலவிதத் துவையல்கள் தருகிறார்கள், சைவக்காரர்களுக்கு நல்ல இடம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். இங்கே நேரம்தான் முக்கியம், இருட்டிவிட்டால் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். 60 நாள் முன்பே மேஜை பதிவு செய்யலாம். மாப்பிள்ளை முதலில் 8.30க்குப் போட்டிருந்ததை 6.30க்கு மாற்றினார். டிசம்பரில் போகிறவர்கள் இன்னும் சீக்கிரமாகப் போய்விடுங்கள், அப்போது 5.30க்கே பொழுது சாய்ந்துவிடும். விளக்கு வைக்காமல் சாப்பிடமாட்டேன் என்றவள் அன்று வரிக்குதிரையைப் பார்த்துக்கொண்டே மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

நாகப்பட்டினத்திலிருந்து:

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள். அம்மாவுக்கு 70 வயது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். ஒரு பூங்காவில் வழக்கம்போல 7.30க்கு ஊசியைப் போட்டுவிட்டேன், எதிரிலேயே உணவகம் இருக்கிறது என்ற தைரியத்தில். பூங்காக்காரர்கள் நடத்தும் ஊர்வலம் ஆரம்பித்துப் பாதையைக் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போக முடியவில்லை. கால் மணி போயிற்று, அரை மணி போயிற்று. அம்மா என் கையைப் பிடித்தார். உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின. "ஒண்ணுமில்லடா, கொஞ்சம் படபடன்னு வருது" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் பிள்ளைக்கு வைத்திருந்த பழச்சாற்றை நீட்டினார். அதைக் குடித்துக் கொஞ்ச நேரத்தில் தெளிந்தார்.

ஊருக்கு வந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது: வெளியூரில் சாப்பாடு கண்ணுக்கு முன்னால் தட்டில் வந்தபிறகுதான் ஊசி. இப்போது அம்மாவோடு எங்கே போனாலும் முதலில் ஊர்வலம் எத்தனை மணிக்கு, எந்தப் பாதையில் என்று கேட்டுவிட்டு, அதற்கு ஒரு மணி முன்பே சாப்பாட்டை முடிக்கிறோம். பையில் குளுக்கோஸும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருக்கும். சாப்பாடு உள்ளே விடாத இடத்திலும் சீட்டைக் காட்டியதும் அம்மாவின் டப்பாவை விட்டுவிட்டார்கள்.

திருவாரூரிலிருந்து:

டிசம்பரில் சிங்கப்பூர் போகிறோம். என் அம்மா சனிக்கிழமை ஒருபொழுது, ராத்திரி பலகாரம்தான். பூங்காவை எந்த நாளில் வைப்பது?

பாபநாசத்திலிருந்து:

சனிக்கிழமை பூங்கா வேண்டாம் அம்மா. ஒருபொழுது இருக்கிறவரை ஏழு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் நமக்கே மனசு கேட்காது. அன்றைக்குக் கோவில், பக்கத்திலேயே கொஞ்சம் சுற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் சிராங்கூன் சாலையிலேயே வீரமாகாளியம்மன் கோவிலும், கொஞ்சம் தள்ளிப் பெருமாள் கோவிலும் இருக்கின்றன. சாயங்காலம் அங்கேயே இட்லி, இடியாப்பம் கிடைக்கும். டிசம்பர் அங்கே மழைக்காலம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவை வாரநாளில் போடுங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் சாப்பிடும் திட்டம் வைக்காதீர்கள். வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அன்றுதான் லீவு, எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். மேஜை கிடைக்க வெகுநேரம் ஆகும். போய்த்தான் ஆகவேண்டுமென்றால் 5 மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மிளகாய்ப்பொடி எடுத்துப்போக மறக்காதீர்கள், அதையும் எண்ணெயையும் தனித்தனியாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.