க்னோமுக்கு மாறியபின் சிஸ்டம் ட்ரேயில் படவுரு தெரியவில்லை

கேள்வி:
வணக்கம். ஆர்சிங்க் வழியாகக் கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும் சிறு பைத்தான் நிரல் ஒன்றை எழுதி, எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் மேசைச் சூழலில் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். அது சிஸ்டம் ட்ரேயில் (பலகையில் சிறு படவுருக்கள் இருக்கும் இடம்) பச்சை அல்லது சிவப்புப் படவுருவைக் காட்டும். அதன்மேல் வலப் பொத்தானை அழுத்தினால் ‘இப்போது நகலெடு’, ‘வெளியேறு’ என்ற மெனு விரியும். டெபியன் 12 லினக்ஸில் க்னோம் மேசைக்கு மாறியபின் நிரல் பிழைச்செய்தி ஏதுமின்றி ஓடுகிறது, ஆனால் படவுரு எங்கும் தென்படவில்லை. சாளர நிரல்களை எழுத உதவும் ஜிடிகே 3 நூலகத்தின் ஸ்டேட்டஸ் ஐகான் வகுப்பைப் பயன்படுத்தியிருக்கிறேன். நகலெடுப்பு நின்றுபோனால் அதை எனக்கு அறிவிப்பது அந்தச் சிவப்பு நிறம் ஒன்றுதான் என்பதால் உதவ வேண்டுகிறேன்.

பதில்:
ஸ்டேட்டஸ் ஐகான், திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் 11 அமைப்பின் பழைய எக்ஸ்எம்பெட் முறையில் ஒரு சிறு சாளரத்தை உருவாக்கி அதைப் பலகைக்குள் பொருத்துகிறது. எக்ஸ் 11-க்கு மாற்றாக வந்த வேலாண்டில் அந்த முறை இல்லை. க்னோமும் 2017-இல் வந்த 3.26 பதிப்பில் பழைய ட்ரேயை நீக்கிவிட்டது. ஜிடிகே 4-இல் அந்த வகுப்பே கிடையாது.

இப்போதைய வழி, படவுருவின் பெயரையும் மெனுவையும் நிரல் டி-பஸ் (நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் வழி) மூலம் அறிவிக்க, வரையும் வேலையை மேசை ஏற்றுக்கொள்வது. கேடிஇ மேசை இதை நேரடியாக ஏற்கும். க்னோமுக்கு ஆப்இண்டிகேட்டர் என்ற நீட்சி (மேசையோடு சேரும் கூடுதல் நிரல்) தேவை. உபுண்டுவில் அது உடன் வருகிறது, டெபியனில் தனியே நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தபின் இயக்க வேண்டும். நிரலில் அயாத்தனா ஆப்இண்டிகேட்டர் நூலகத்துக்கு மாறுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நீட்சியை இயக்கி, நூலகத்தையும் மாற்றிவிட்டேன். இன்னும் படவுரு வரவில்லை.

பதில்:
அந்த நூலகம் உருவாக்கும் இண்டிகேட்டரின் நிலை தொடக்கத்தில் ‘பேசிவ்’ (மறைந்த நிலை) என்றே இருக்கும். அதை நீங்களே ‘ஆக்டிவ்’ (தெரியும் நிலை) ஆக்க வேண்டும். மெனுவை இணைப்பதும் கட்டாயம், இணைக்குமுன் அதன்மீது ‘ஷோ ஆல்’ அழைக்கப்படாவிட்டால் வரிகள் தெரியா. படக்கோப்புக்கு முழுப் பாதையைக் கொடுங்கள், ஏனெனில் வெறும் பெயரைக் கொடுத்தால் அது படவுருத் தொகுப்பில்தான் தேடப்படும். ஒரு வேறுபாட்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இடப் பொத்தானுக்குத் தனிச் செயலை இந்த நூலகத்தில் அமைக்க இயலாது, நடுப் பொத்தானுக்கு மட்டும் மெனுவின் ஒரு வரியை இணைத்து வைக்கலாம்.

கேட்டவர்:
நிலையை மாற்றாமல் விட்டிருந்தேன். முழுப் பாதையும் கொடுக்கவில்லை. இரண்டையும் திருத்தியதும் பச்சைப் படவுரு வந்தது. வன்தட்டைக் கழற்றிவிட்டு ‘இப்போது நகலெடு’ என்பதை அழுத்திப் பார்த்தேன், உடனே சிவப்பாக மாறியது.