போன் லைனில் ஓடும் அலாரம் பேனலை இன்டர்நெட்டுக்கு மாற்றுவது எப்படி?

வாசல்மணி:

பேனல் டிஎஸ்சி பவர்சீரீஸ் 1832. வயர் போட்ட 8 ஜோன் (சென்சார் பிரிவு), 2 கீபேட், ஒரு ஸ்மோக் டிடெக்டர், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. கண்காணிப்பு நிலையத்துக்கு இதுவரை லேண்ட்லைன் வழியாகத்தான் செய்தி போகிறது. அதை எடுத்துவிட்டு ஃபைபர் மட்டும் வைத்துக்கொள்ள எண்ணம். ஃபைபர் மோடத்துக்குப் பின்னால் ஒரு போன் சாக்கெட் இருக்கிறதே, பேனலை அதில் செருகினால் போதாதா? போதாது என்றால் பேனலையே மாற்ற வேண்டுமா, துணைக் கருவி ஏதாவது போதுமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

செப்புக்கம்பி:

செருகினால் வேலை செய்வது போலத் தெரியும். சிக்கலே அங்கேதான். பேனல் அனுப்புவது பேச்சு இல்லை. கான்டாக்ட் ஐடி என்ற அலாரம் செய்தி முறையில் 16 டிடிஎம்எஃப் டோன்கள் (போன் பட்டனை அழுத்தினால் கேட்கும் ஒலிகள்), ஒவ்வொன்றும் சுமார் 50 மில்லிசெகண்ட். நிலையத்து ரிசீவர் 1400, 2300 ஹெர்ட்ஸில் குரல் கொடுத்த பிறகே பேனல் அனுப்பத் தொடங்கும். செய்தி சரியாகச் சேர்ந்ததும் 'கிஸ்ஆஃப்' டோன் திரும்பி வர வேண்டும். இணையவழிப் போனில் ஒலி பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டுகளாகப் போகிறது. இரண்டு பாக்கெட் தொலைந்தால் ஓர் இலக்கமே போச்சு, செக்சம் (இலக்கங்கள் சரியாக வந்தனவா என்று பார்க்கும் கணக்கு) இடிக்கும், பேனல் மறுபடி முதலிலிருந்து அனுப்பும். ஜி.729 மாதிரி ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக் முறை இருந்தால் இன்னும் மோசம். சில மோடங்கள் டோனை எடுத்துவிட்டு மறுமுனையில் புதிதாக உருவாக்கும். அப்போது டைமிங் மாறிவிடும். பகலில் செய்யும் டெஸ்ட் பாஸாகும், நெட் நெரிசலான இரவில் அதே செய்தி சேராது.

பேனலை மாற்ற வேண்டாம். பேனலின் செய்தியை நெட்டில் அனுப்பும் ஐபி கம்யூனிகேட்டர் என்ற துணைக் கருவி ஒன்று போதும். அதில் இரண்டு வகை. முதல் வகை கீபஸ்ஸில், அதாவது பேனலையும் கீபேடையும் இணைக்கும் வயர்களில், சேரும்: கீபேடுக்குப் போகும் அதே சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை நான்கு முனைகள். இரண்டாவது வகை 'டயல் கேப்சர்'. பேனலில் போன் லைன் சேரும் டிப், ரிங் முனைகளில் உட்கார்ந்து, தானே போன் லைன் போல நடித்து, டோனை வாங்கி நெட்டில் அனுப்பும். எந்த பிராண்ட் பேனலுக்கும் ஒத்துப்போகும், ஆனால் டோன் சிக்கலில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உங்கள் பேனலுக்குக் கீபஸ் வகை கிடைக்கும், அதையே எடுங்கள். வாங்கும் முன் அந்தக் கருவியை உங்கள் நிலையம் ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள்.

முதலில் நிலையத்துக்குச் சொல்லிக் கணக்கை டெஸ்ட் மோடில் போடச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, பிறகு பேட்டரி வயரை எடுங்கள். நான்கு வயரைச் சேர்த்துவிட்டு மறுபடி பவர் கொடுங்கள். ஜோன் வயரையும் அதன் முடிவில் இருக்கும் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டரையும் தொடவே தேவையில்லை. வயரிங் அரைமணி வேலை, மீதி நேரமெல்லாம் புரோகிராமிங்கில்தான் போகும். அதற்குப் பேனலின் அமைப்புகளைத் திறக்கும் இன்ஸ்டாலர் கோட் வேண்டும். பழைய நிறுவனம் அதை மாற்றி வைத்திருந்தால் ஒப்பந்தத்தை முடிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

போன் லைனை எடுத்த பிறகு புரோகிராமிங்கின் 015-ஆம் பிரிவில் 7-வது ஆப்ஷனை, அதாவது டெலிபோன் லைன் மானிட்டரிங்கை, அணைக்க மறந்தால் கீபேடில் ட்ரபிள் விளக்கு அணையாது.

இன்னொன்று: லேண்ட்லைனைச் சில நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கவனம். லைன் பேனலுக்குள் போய் டி-1, ஆர்-1 வழியாகத்தான் வீட்டு போன்களுக்குத் திரும்புகிறது. வயரை வெறுமனே பிடுங்கினால் வீட்டு போன்கள் செத்துவிடும். உள்ளே வரும் ஜோடியையும் வெளியே போகும் ஜோடியையும் நேராக இணைத்துவிடுங்கள்.

ஆம்ப்ஹவர்:

கரண்ட் கேள்விக்கு வருகிறேன். பழைய செப்பு லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, அதனால் யாரும் யோசிக்கவில்லை. இப்போது பேனல், மோடம், ரௌட்டர், நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதுவும் சேர்ந்து உயிரோடு இருக்க வேண்டும். மோடம் படுத்துவிட்டால் பேனல் பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பயனில்லை.

பேனல் பக்கக் கணக்கை உதாரணத்துக்குப் போடுவோம்: போர்டு 100 மில்லியாம்ப், கீபேடுகள் 150, சென்சார்கள் 60, கம்யூனிகேட்டர் 100. மொத்தம் 410. புதிய 7 ஏஎச் பேட்டரி காகிதத்தில் 17 மணி நேரம், மூன்று வயதான பேட்டரி அதற்கு வெகு முன்பே கைவிரிக்கும். 24 மணி நேரம் வேண்டுமென்றால் 0.41 × 24, கிட்டத்தட்ட 10 ஏஎச். துணைக் கருவிகளுக்குப் பவர் தரும் ஆக்ஸ் முனையின் மொத்த மில்லியாம்ப் வரம்பையும் பாருங்கள், கம்யூனிகேட்டர் அதிலிருந்துதான் குடிக்கிறது.

மோடமும் ரௌட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி. கம்ப்யூட்டர் யுபிஎஸ் வைத்தால் 12 வோல்ட்டை ஏசியாக்கி மறுபடி 12 ஆக்குகிறோம், இடையில் சக்தி வீணாகிறது. டிசி மினி யுபிஎஸ் அதே பேட்டரிக்கு அதிக நேரம் தரும். வோல்டேஜ், ஆம்பியர், பிளக்கின் போலாரிட்டி மூன்றும் பொருந்த வேண்டும்.

நாடித்துடிப்பு:

அனுப்புவதைப் பற்றியே பேசுகிறோம். அனுப்ப முடியாமல் போனால் அது யாருக்குத் தெரியும்? இதைக் கேட்காமல் மாற்றுவது வீண். கம்யூனிகேட்டர் குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று நிலையத்துக்குத் துடிப்பு போலச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 50136-இல் இதற்குப் படிகள் உண்டு: எஸ்பி2 என்றால் இணைப்பு அறுந்ததை 25 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும், எஸ்பி3 என்றால் 30 நிமிடம், எஸ்பி4 என்றால் 3 நிமிடம். பெட்டி பல நேரம் ஒன்றாகவே இருக்கும், வாங்கும் திட்டத்தில் வேறுபாடு இருக்கும். துடிப்பு நின்றால் நிலையம் போன் செய்யுமா, லாகில் எழுதிவிட்டு விட்டுவிடுமா என்றும் கேளுங்கள்.

ஸ்மோக் டிடெக்டர் இருப்பதால் நெட் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். எல்டிஇ (4ஜி மொபைல்) சிம் சேர்ந்த இரட்டை வழிக் கருவி வாங்குங்கள். பழைய ஸ்டாக்கில் 2ஜி, 3ஜி கருவியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது வேண்டவே வேண்டாம்.

வாசல்மணி:

நன்றி. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், ஸ்டேட்டிக் ஐபி தேவையா? பேனல் அலமாரிக்குள் இருக்கிறது, வைஃபை போதுமா?

செப்புக்கம்பி:

இரண்டும் வேண்டாம். கருவிதான் வெளியே அழைக்கிறது, உள்ளே யாரும் வர வேண்டியதில்லை. யாராவது போர்ட் திறக்கச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஐபி டிஹெச்சிபியிலேயே, அதாவது ரௌட்டரே தானாகக் கொடுக்கும்படி, இருக்கட்டும். கருவிக்குள் கையால் ஐபி போட்டு வைத்தால் ரௌட்டர் மாற்றும் நாளில் சத்தமில்லாமல் அறுந்துவிடும். இரும்புப் பெட்டிக்குள் வைஃபை வீக். கேட்6 கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள்.

அலாரம் செய்தியை நெட்டில் அனுப்பும் டிசி-09 முறையில் என்கிரிப்ஷனோடு அனுப்பும் கருவி என்றால் கடிகாரமும் முக்கியம். செய்தியில் நேர முத்திரை இருக்கும், அது சில பத்து நொடிக்கு மேல் விலகினால் ரிசீவர் ஏற்காது. 'நெட் இருக்கிறது, செய்தி மட்டும் போகவில்லை' என்ற புகாரில் முதலில் இதைப் பாருங்கள்.

நாடித்துடிப்பு:

டெஸ்டில் ஒவ்வொரு ஜோனையும் தனித்தனியாகத் திறந்து, நிலையத்தில் எந்தக் கோட், எந்த ஜோன் எண் வந்தது என்று வாசிக்கச் சொல்லுங்கள். திருட்டு 130, தீ 110, பேட்டரி குறைவு 302. அடுத்து நெட் கேபிளைப் பிடுங்கி, எத்தனை நிமிடத்தில் உங்களுக்குப் போன் வருகிறது என்று கடிகாரம் பாருங்கள். மெயின்ஸ் போன 301 உடனே வராது, பயப்பட வேண்டாம். ஊரெல்லாம் கரண்ட் போகும்போது எல்லாப் பேனலும் ஒரே நேரத்தில் கத்தாமலிருக்க வேண்டுமென்றே தாமதம் வைத்திருக்கிறார்கள், டிஎஸ்சியில் ஃபேக்டரி அமைப்பு 30 நிமிடம். கரண்ட், கேபிள், பேட்டரி எல்லாவற்றுக்கும் 'சரியாகிவிட்டது' என்ற ரெஸ்டோர் செய்தியும் வந்ததா என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு வாரம் இப்படி ஓடிய பிறகு லேண்ட்லைனை ரத்து செய்யுங்கள். அன்றே பேனலில் இருக்கும் நிலையத்தின் பழைய போன் எண்களை அழித்து, இன்ஸ்டாலர் கோடையும் மாற்றிவிடுங்கள்.