‘தொடுமுன் தொல்லாய்வு’: ஒரு பரிந்துரை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கல்குவாரி தொடங்குவதற்கோ கட்டடம் எழுப்புவதற்கோ முன்பாக, அந்நிலத்தில் தொல்பொருள் தடயம் உண்டா என்று வரிசையாக நடந்து பார்த்தும், பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டும், ஐயமுள்ள இடத்தில் சிறு சோதனைக் குழி இட்டும் அறியும் பணிக்குத் தாங்கள் முன்வைத்த ‘முன் அகழாய்வு’ என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். கீழடியைப் போலக் கட்டம் கட்டமாக அகழப்படும் இடத்தைப் பற்றிய செய்தியில் அச்சொல்லைப் படிப்பவர், முடிந்துபோன கட்டத்தைத்தான் நினைப்பார். தவிர, இப்பணியில் பெரும்பகுதி அகழ்வதே அல்ல.

‘தொல்லியல் நில அளவை’யும் சரிவராது. எங்கள் தண்டையார்பேட்டையில் ‘நிலம் அளக்க வந்திருக்கிறார்கள்’ என்றால் பட்டாவைத் தேடி வீட்டுக்குள் ஓடுவார்களே தவிர, பானையோட்டை யாரும் நினைக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால், அதாவது அடித்தளப் பள்ளம், எடுத்தார்கள் (கொத்தனார் வாயில் அது ‘கடக்கால்’). நாலடி ஆழத்திலிருந்து வந்த மணலில் சிவந்த ஓட்டுச்சில்லுகள் நாலைந்து கிடந்தன. அவை எக்காலத்தவை என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. எந்த மண்ணடுக்கில் இருந்தன என்று சொல்ல இனி எவராலும் இயலாது, ஏனெனில் மாலைக்குள் ரப்பீஸ் லாரி எல்லாவற்றையும் அள்ளிச் சென்றுவிட்டது. ஆகவே சொல்லில் ‘முன்’ இருப்பது மட்டும் போதாது, எதற்கு முன் என்பதும் அதிலேயே தெரிய வேண்டும்.

‘கடைக்கால்முன் ஆய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் குவாரிக்குக் கடைக்கால் ஏது? பல்லாவரத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட பழைய கற்காலக் கருவி, சரளை எடுத்த பள்ளத்தில்தான் கிடைத்தது. அதே ஆண்டில் கண்டறியப்பட்ட மற்றொரு கற்கால இடமான அத்திரம்பாக்கமோ, நம் எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் படுகையில் உள்ளது. சரளைக் குழியை வெளியே நிறுத்தும் சொல் இத்துறைக்கு ஆகாது.

எனவே ‘தொடுமுன் தொல்லாய்வு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். தொடுதலுக்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதன்று. அப்பொருள் அறியாதவர்கூட ‘மண்ணில் கை வைக்குமுன்’ என்று கொள்வார், அதுவும் சரியே. ‘வருமுன் காப்போம்’ பழகிய ஊரில் ‘தொடுமுன்’ என்ற வடிவம் நாக்கில் இடறாது.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லை இதனோடு சேர்க்க வேண்டாம். பழஞ்சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 2010 திருத்தம் 100 மீட்டர் தடைப்பகுதியையும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியையும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றியே வகுக்கிறது. நாம் பெயரிடுவதோ, இன்னும் எவரும் அறிவிக்காத நிலத்தில் செய்யும் பணிக்கு.

அறிக்கைத் தலைப்பில் இடம் குறைவெனில் ‘தொடுமுன் ஆய்வு’ என்று சுருக்கலாம்; ‘தொல்’ விடுபட்டால், மண் பரிசோதனைக்குப் போர் போடுவதும் அதற்குள் வந்துவிடும் என்ற குறையை அறிந்தே சொல்கிறேன்.