கடைக்காரர் குழாய்க்கும் பொதுக் குழாய்க்கும் தமிழில் என்ன பெயர்?

உட்லண்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தேக்கா கடைவீடுகளில் சாப்பாட்டுக் கடை நடத்துவோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம். வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது. சாலைக்கு அடியில் கழிவுநீர் ஓடும் ‘சூவர்’ குழாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. கடையிலிருந்து போய் அதில் சேரும் ‘டிரெயின் லைன்’ கட்டட உரிமையாளர் பொறுப்பு; அடைத்துக்கொண்டால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியவர் அவர்தான். இரண்டையும் ‘சாக்கடை’ என்று எழுதினால் செலவு யார் தலையில் என்பதே புரியாது. சீக்கிரம் கைகொடுங்கள்.

அங் மோ கியோ வாத்தியார்:

சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: சுருங்கை. மதுரை மதிலின் சுருங்கை வழியே பாய்ந்து வரும் வெள்ளத்தை யானை துதிக்கையைத் தூக்கி விடும் நீருக்கு ஒப்பிடுகிறது பரிபாடல். சிலம்பில் யானைகள் நடந்துபோகும் சுருங்கை வீதியே வருகிறது. நிலத்தடி வழி என்ற பொருள் ஐயமின்றிக் கிடைக்கிறது. பொதுக் குழாய் ‘பெருஞ்சுருங்கை’, கடைக்காரருடையது ‘கிளைச்சுருங்கை’. முடிந்தது வேலை.

ஜூரோங் பொறியாளர்:

ஐயா, அழகான சொல்தான். ஆனால் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவர் ‘சுருங்கை’ என்று படித்தால் ஏதோ சுருங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ‘வடிகால்’ என்ற சொல். இந்த ஊரில் மழைநீர் ஒரு வழி, கழிவுநீர் வேறு வழி. லோங்காங்கில், அதாவது தெருவோர மழைநீர்க் கால்வாயில், விழுவது பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குப் போய் நாம் குடிக்கும் தண்ணீராக வருகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கே போகக் கூடாது. மழைத்தண்ணீரும் கழிவுநீர்க் குழாயில் இறங்கக் கூடாது. கனமழையில் குழாய் தாங்காமல் மேன்ஹோல் வழியே பொங்கும். அதனால்தான் பின்சந்தில் கழுவுமிடம் வைத்தால் மேலே கூரை போட்டு, தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விடச் சொல்கிறார்கள். குப்பை மையம், கார் கழுவுமிடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ‘வடிகாலில் இணைக்கவும்’ என்று அச்சடித்தால் நேராக லோங்காங்கில் இணைத்துவிடுவார்கள். வடிகால், கால்வாய் இரண்டையும் மழைநீருக்கே விட்டுவிடுங்கள்.

பொங்கோல் ஆய்வு மாணவர்:

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். சுருங்கை தூய தமிழ்தானா? கிரேக்கத்தில் ‘சிரிங்ஸ்’ என்றால் புல்லாங்குழல், குழாய், சுரங்க வழி. அதுதான் வடமொழியில் ‘சுருங்கா’ ஆனது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சுரங்கமும் அந்த வழியில் வந்ததுதான்.

அங் மோ கியோ வாத்தியார்:

தம்பி, ‘சுருங்கு’ என்ற வினையடி கண்ணெதிரே இருக்கும்போது கிரேக்கம் வரை கப்பலேறுவானேன்? ஒடுங்கிய வழி சுருங்கை. யவனர் நம்மிடமிருந்து கொண்டுபோயிருக்கக் கூடாதா? ‘தூம்பு’ என்ற சொல்லையும் பாருங்கள்…

(இதற்குப் பிறகு இருவருக்கும் இடையே ஓடிய பதினொரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். – மட்டுறுத்துநர்)

பிடோக் அக்கா:

எனக்கு மதுரைப் பக்கம். வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் இடத்தை எங்களூரில் ‘அங்கணக்குழி’ என்போம். வள்ளுவரும் அங்கணத்தில் கொட்டிய அமிழ்தைச் சொல்கிறார். தரையில் நீர் இறங்கும் வாய்க்கு ‘அங்கண வாய்’ என்று போடலாமே. இங்கே பிறந்த என் மகனிடம் சொன்னேன், ‘அங்கன்வாடியா அம்மா?’ என்கிறான். சரி, விட்டுவிடுகிறேன்.

ஆனால் வரைவில் மேன்ஹோலுக்கு ‘ஆளிறங்கு குழி’ என்று இருக்கிறதே, அதை மாற்றுங்கள் தம்பி. ஊரில் அப்படி இறங்கி விஷவாயுவில் செத்தவர்கள் எத்தனை பேர்! 2023 இந்திய வரவு செலவுத் திட்ட உரையில்கூட மேன்ஹோலிலிருந்து மெஷின்ஹோலுக்கு மாறுவோம் என்றார்கள். ஆளை இறக்கும் பெயர் நமக்கு எதற்கு?

ஜூரோங் பொறியாளர்:

அக்கா சொல்வது சரி. கடைக்காரருக்கு மேன்ஹோலே தேவையில்லை. அவர் அறிய வேண்டியது தன் எல்லைக்குள் இருக்கும் கடைசி ‘இன்ஸ்பெக்‌ஷன் சேம்பர்’. கட்டடத்தின் கழிவு முழுக்க அங்கே வந்து சேர்ந்துதான் பொதுக் குழாய்க்குப் போகும். மூடியைத் திறந்தால் அடைப்பு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். ‘ஆய்வு அறை’ என்று மட்டும் போடாதீர்கள், அதிகாரி வந்து உட்காரும் அறை என்று நினைப்பார்கள். ‘பார்வைத் தொட்டி’ போதும்.

உட்லண்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

பார்வைத் தொட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. குழாய்களுக்கு ‘பொதுக் கழிவுநீர்க் குழாய்’, ‘கட்டடக் கழிவுநீர்க் குழாய்’. கவிதை இல்லை, ஆனால் யாருடையது என்று பெயரே சொல்லிவிடுகிறது. இன்னொன்று: ஆங்கில மூலத்தில் ‘கழிவு’ என்ற சொல்லே இல்லை, ‘யூஸ்டு வாட்டர்’ என்றுதான் எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் நியூவாட்டர் எடுக்கிறோம், அதைக் கழிவு என்பானேன் என்ற எண்ணம். ‘பயன்படுத்திய நீர்க் குழாய்’ என்று போடவா?

பொங்கோல் ஆய்வு மாணவர்:

போடுங்கள். 1987இல் மலவாளியே (மலத்தை வாளியில் அள்ளிச் செல்லும் முறை) ஒழிந்துபோன ஊரில் இன்னும் கழிவு, சாக்கடை என்றே பேச வேண்டுமா?

ஜூரோங் பொறியாளர்:

நோக்கம் நல்லதுதான். ஆனால் ‘பயன்படுத்திய நீர்க் குழாய்’ என்றால் பழைய குழாய் என்று படிப்பார்கள். கழிவுநீரே இருக்கட்டும்.

உட்லண்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

ஆறு பேர் கழிவுநீர், இருவர் பயன்படுத்திய நீர், வாத்தியார் சுருங்கை. கழிவுநீர் என்றே அனுப்புகிறேன்.

அங் மோ கியோ வாத்தியார்:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பைக் குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்குக் கழிவுநீர்ச் ‘சுரங்கம்’ தோண்டியபோது அந்தச் சொல் யாருக்கும் புரியாமல் போகவில்லையே.

பிடோக் அக்கா:

எல்லாம் சரி, மூன்றாம் பக்கத்தில் ‘கொழுப்புப் பொறி’ என்று இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? எலிப்பொறி மாதிரி இருக்கிறது. ‘எண்ணெய் பிடிக்கும் தொட்டி’ என்று மாற்ற இன்னும் நேரமிருக்கிறதா?