புல்தரையில் அகழான் (பெருச்சாளி) வளை, மாங்கன்றில் பல் தடம்

தெஹிவளைவாசி: புல்தரை முழுக்கப் புதுமண் குவியல். ஒட்டு மாங்கன்றின் அடிப்பட்டையையும் கறம்பியிருக்கு. நஞ்சு வைக்கலாமா? அயலில பூனைகள் நிற்குது.

மண்வெட்டி: வேண்டாம். நஞ்சு தின்ற எலியைப் பிடிக்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் அது ஏறும். மாலையில எல்லா வளையையும் மண்ணால மூடுங்கோ. காலையில திறந்து கிடக்கிறதுதான் ஆள் இருக்கிற வளை. அதன் வாயருகே கூட்டுப்பொறி, உள்ளே சுட்ட தேங்காய்த்துண்டு அல்லது கருவாடு. புதுச்சாமானுக்கு அகழான் பயப்படும். இரண்டு மூன்று இரவு பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வையுங்கோ. முதல் இரவே ஏற்றித்தான் பலர் கெடுக்கிறது.

கன்றுக்காரர்: கன்றைச் சுற்றி அரை அங்குலக் கண் நாகமுலாம் கம்பிவலை: மண்ணுக்குள் 20 செ.மீ., மேலே 45 செ.மீ., தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. ஒட்டிக் கட்டினால் தண்டு பருக்கும்போது பட்டையை அறுக்கும். சருகு மூடாக்கையும் ஓரடி விலக்குங்கோ, அதுக்குள்ளதான் ஒளிச்சிருந்து கடிக்கும். ஒட்டுக்குக் கீழே பட்டை சுற்றிவரப் போயிருந்தால் வேறு கன்றுதான்.

தெஹிவளைவாசி: வளைக்குள்ள தண்ணி ஊத்தினால்?

மண்வெட்டி: மற்ற வாயால ஓடிடும், புல்தரைதான் தாழும். பிடிபட்டதை றப்பர் கையுறை இல்லாமல் தொடாதேங்கோ. எலிக்காய்ச்சல் சிறுநீரால தொத்தும்.