'மாட்டில்ட்' வாத்துக்கு என்ன சொல்ல?

கூந்தன்குளத்திலிருந்து:
பொங்கலை ஒட்டிக் குளங்களில் பறவை எண்ணப் போகிறோம். பிள்ளைகளுக்கான நாலு பக்கக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ஊசிவால் வாத்தின் பெட்டையில் வந்து நிற்கிறேன். ஆங்கிலக் கையேடுகள் அதை 'மாட்டில்ட்' (mottled) பழுப்பு என்கின்றன. புள்ளி என்று போடலாம் என்றால் புள்ளிமூக்கு வாத்து அதே பக்கத்தில் இருக்கிறது. வரி என்றால் வரித்தலை வாத்து. இது இரண்டும் இல்லை. ஒழுங்கில்லாமல், ஓரம் மங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற கறை. தோசையைத் திருப்பிப் போட்டால் அங்கங்கே சிவந்து தெரியுமே, அது மாதிரி. ஒரு சொல் கொடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:
தம்பி, நிறத்துக்கா தமிழில் பஞ்சம்? 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்று தொல்காப்பிய உரியியல் தொடங்கிவைத்த கணக்கு அது. சுணங்கு இருக்கிறது. பெண்ணின் மேனியில் வேங்கைப் பூப்போலப் படர்வதாகச் சங்கப் பாட்டு சொல்லும். 'சுணங்குப் பழுப்பு' என்று போடும்.

சென்னையிலிருந்து (சொந்த ஊர் அம்பை):
ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுணங்கு என்றால் சுணக்கம்தான். 'மெதுவாகப் பறக்கும் வாத்து' என்று எழுதி வைக்கும். தேமல் என்றால் வாத்துக்குச் சீக்கு. மாட்டுக்குச் செம்மறை, கருமறை என்போம், ஆனால் நம்ம பக்கத்தில் மறை என்றதும் கழன்ற மறைதான் ஞாபகம் வரும்.

தென்காசியிலிருந்து:
'மாட்டில்' (mottle) என்ற ஆங்கிலச் சொல்லே 'மாட்லி'யிலிருந்து (motley) பின்னோக்கிப் பிறந்தது. மாட்லி என்பது பல நிற நூலில் நெய்த துணி. அரசவைக் கோமாளியின் உடுப்புக்கும் அந்தப் பேர் வந்தது. ஆக, கலப்புதான் மூலக் கருத்து. கலவை, கலங்கல், கலம்பகம் எல்லாம் ஒரே வேர்போலத் தெரிகிறது. அதிலிருந்து 'கலம்பு' என்று புதிதாக ஆக்கலாம். கலாபத்தையும் இதில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். வடசொல் என்பவர்களுக்குத் தனி மடலில் பதில் தருகிறேன்.

விளாத்திகுளத்திலிருந்து:
அண்ணாச்சி, கோமாளி வரைக்கும் போக வேண்டாம். எங்கள் கரிசல்காட்டில் கொடி ஆட்டுக்குப் போரை ஆடு என்று பேர். வெள்ளை உடம்பில் கறுப்பு சிதறிக் கிடந்தால் கரும்போரை, செம்பழுப்பு என்றால் செம்போரை. நேற்றுகூட ஒரு குட்டிக்கு ஊசி போட்டேன். விலாவில் மையைக் கொட்டி உதறின மாதிரி, ஒரு கறைக்கும் அடுத்ததற்கும் நடுவே பொடிப்பொடியாகத் தெறிப்பு. அளவும் கிடையாது, வரிசையும் கிடையாது. ஆடு மேய்க்கிற கீதாரி தூரத்திலிருந்தே 'அந்தச் செம்போரையைப் பிடிங்க டாக்டரம்மா' என்கிறார். உயிரோடு புழங்குகிற சொல். எடுத்துக்கொண்டால் என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து:
நல்ல சொல், மறுக்கவில்லை அம்மா. போர்வைதான் போரை ஆகியிருக்க வேண்டும், மேலே போர்த்தினாற்போல் கிடப்பதால். ஆனால் தஞ்சாவூர்க்காரனுக்கு விளங்குமா?

சென்னையிலிருந்து:
சுணங்கு மட்டும் விளங்குமாக்கும்! போரையில் எனக்கு வேறு சங்கடம். அந்த ஆட்டில் வெள்ளையும் கறுப்பும் பளிச்சென்று பிரிந்து நிற்கும். வாத்தில் பழுப்புக்குள்ளேயே பழுப்பு. தெறிப்பு சரி, மங்கல் எங்கே?

கூந்தன்குளத்திலிருந்து:
மணி பதினொன்று. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன்: 'திட்டுத்திட்டான பழுப்பு' ஏழு பேர், போரை நாலு, கலம்பு ஒன்று (தென்காசி அண்ணாச்சியே), 'எதையாவது போடு' மூன்று. திட்டு உள்ளே போகிறது. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் போரையையும் சேர்த்திருக்கிறேன். எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:
திட்டாம்! வாத்து யாரைத் திட்டியது? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளும். அப்புறம், போரைக்கு இடையின ரகரமா, வல்லின றகரமா? கீதாரி எழுதிக் காட்டமாட்டார். டாக்டரம்மா, அவர் வாயால் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதவும்.